ஐம்பத்தெட்டாம் பக்கம்

பீடோர் பஸ் நிலையத்துக்கு எதிரே
கொய்யா விற்கிற கடையை ஒட்டி
என் நகலெடுக்கும் கடை.
பிறப்புப் பத்திரம், நிலவரி ரசீது, இறந்தவர் அடையாள அட்டை:
இந்த ஊரே என் கண்ணாடிமேல்
குப்புறப் படுத்து எழுந்திருக்கிறது.

சயாமுக்குப் போய்த் திரும்பிய ஒருவர்
படம் படமாய்ப் போட்ட புத்தகம்.
போனபோது பன்னிரண்டு வயதாம்.
திரும்பியபின் நாற்பது வருடம்
ஈப்போவில் பல் கட்டும் வேலை.
கோயில் கமிட்டி நாலு வாங்கியது.
மூன்று எங்கே என்று கேட்காதீர்கள்.
ஒன்று என் மேசைமேல்,
சங்கிலி போடாத குறை.

லாரி சன்னாசி நின்றபடியே புரட்டினார்.
"நம்ம ஆளுங்கள ஏத்துன லாரிக்கு
பின்பலகை இப்படித் தெறக்காது."
அவ்வளவுதான் சொன்னார்.
அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது
செம்பனை எண்ணெயில் அவர் பெருவிரல்.

இன்பராஜ் வாத்தியார்
எழுத்துப்பிழை பதினொன்று பிடித்தார்,
சிவப்பு மையில்.
பன்னிரண்டாவதாய் ஒரு வரிக்கு வட்டம் போட்டிருந்தார்:
'விறகு ஈரம். அப்பா எரிய இரண்டு நாள்.'
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
அதில் பிழை இல்லை.

மருந்துக்கடை ஆ லெங்குக்குத் தமிழ் தெரியாது.
எச்சில் தொட்டுப் படம் பார்த்துக்கொண்டே வந்தவள்
முழுக்கக் கறுப்பாய் ஒரு பக்கத்தில் நின்றாள்.
நான்கூட முதலில் அச்சுக் கோளாறு என்றுதான் நினைத்தேன்.
"ருமா சயா பூன் அடா" என்றாள்.
எங்கள் வீட்டிலும் இது இருக்கிறது.

பேர் எழுதிக்கொடுத்த கிராணி
பதினேழாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியோடு வருகிறார்.
அப்பாராவ் தன் கண்ணாடியைக் கழற்றி
வேட்டி நுனியில் துடைத்தார், துடைத்தார்.
"முடிஞ்சுபோனத ஏம்மா கெளறணும்?"
வாசல்வரை போய்த் திரும்பி
"அவனுக்கும் நாலு புள்ளைங்க இருந்துச்சு" என்றார்.
யாருக்கு என்று
நானும் கேட்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் பக்கம் பெரட்டு.
மழை. வரிசை. எல்லார் வாயும் மூடியிருக்கிறது.
ஓரத்தில் ஒரே ஒருவர் சிரிக்கிறார்,
மேல்வரிசையில் முன்பல் பாதி உடைந்து.
பல் கட்டுகிறவர் கையல்லவா,
உடைந்த சாய்வுகூடச் சரியாக இருக்கிறது.

சனிக்கிழமை தெய்வானை வந்தாள்.
"எங்க தாத்தா. இந்தப் பக்கத்த மட்டும் பெருசாக்கிக் குடு."
தாளை வைக்குமுன்பே
தாப்பாவிலிருந்து ஓர் அண்ணன் தங்கை,
அதே பக்கம், அதே பல்,
அவர்களுடைய பெரியப்பா.
பின்னாலேயே ஹெல்மெட்டைக் கழற்றாமல்
ஆரோக்கியசாமி.

சண்டை வரும் என்று கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்தேன்.
தெய்வானை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.
"உங்காளுக்குப் பல்லு எப்படி ஒடஞ்சிச்சு?"
"கள்ளுக்கடையில."
"எங்காளு சோடா மூடியக் கடிச்சுத் தெறந்தாராம்."
ஆரோக்கியசாமிக்குக் காரணம் தெரியவில்லை.
வெட்கப்பட்டு நின்றான்.
"சோடான்னே வச்சுக்கோ தம்பி" என்றாள் தெய்வானை.

மூன்று என்று அழுத்தினேன்.
பேச்சு கேட்கிற மும்முரத்தில்
மூடியை இறக்க மறந்துபோனேன்.
பச்சை வெளிச்சம் அந்தச் சிரிப்பின் அடியில் ஊர்ந்து
இவர்கள் தாடைகளிலும் ஏறி இறங்கியது.
நகலில் ஓரமெல்லாம் கறுப்பு.
வேறு எடுத்துத் தருகிறேன் என்றேன்.
வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றார்கள்.
ஒன்று ஐம்பது காசு.
ஒருவருக்காக ஒருவர்
முந்திக்கொண்டு நீட்டினார்கள்.

பின்னட்டையில் ஈப்போ தொலைபேசி எண் இருக்கிறது.
அந்த ஆள் யார் என்று
ஒரு நிமிடத்தில் கேட்டுவிடலாம்.
எண்ணைச் சத்தமாய்ப் படித்தும் காட்டினேன்.

இதுவரை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.